சானிடைசர் போட்டாச்சு, ஆனா நோரோ வைரஸ் போகலையே... ஏன்?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சில கல்யாண மண்டப வாசல்களில் சந்தனம், கற்கண்டுக்குப் பக்கத்தில் ஒரு சானிடைசர் பாட்டில் இன்னும் நிற்கிறது. கொரோனா விட்டுப்போன பழக்கம். ரெண்டு சொட்டு தேய்த்துவிட்டு நேராகப் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறோம். கொரோனா வைரஸுக்கு அது நல்ல ஆயுதம்தான். வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நோரோ வைரஸிடம் அந்த ரெண்டு சொட்டு பெரிதாக எடுபடாது.

நோரோ என்றதும் ‘அது கேரளா மேட்டர் ஆச்சே’ என்று தோன்றலாம். 2021 நவம்பரில் வயநாடு மாவட்டம் பூக்கோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கும், 2022 ஜூனில் திருவனந்தபுரம் அருகே விழிஞ்ஞத்தில் ரெண்டு பள்ளிக் குழந்தைகளுக்கும் தொற்று உறுதியானது. 2023 ஜனவரியில் எர்ணாகுளம் காக்கநாட்டிலும் பள்ளிப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் இல்லையா என்றால், இருக்கிறது. எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து கவனித்த ‘மால்-எட்’ ஆய்வில் வேலூரும் ஓர் இடம். அதில் நோரோவுக்காகப் பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளில் 89 சதவீதம் பேருக்கு ரெண்டு வயதுக்குள் ஒரு முறையாவது இந்த வைரஸ் தொற்றியிருந்தது. நம்ம ஊரில் பெயர் வெளியே வராததற்குக் காரணம் சாதாரணம்தான். மலத்தை பிசிஆர் பரிசோதனை செய்தால்தான் இது நோரோ என்று தெரியும். மூணு நாளில் தானாகச் சரியாகிற வாந்திக்கு யார் அந்த டெஸ்ட் எடுக்கிறார்கள்? ‘ஃபுட் பாய்சன்’, ‘எண்ணெய் சரியில்லை’ என்று பேச்சு முடிந்துவிடும்.

எவ்வளவு போதும்?

ஒரு மதிப்பீட்டின்படி 18 வைரஸ் துகள்கள்கூட ஒருவரைப் படுக்க வைக்கலாம். நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் இருப்பதோ கோடிக்கணக்கில். உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தி தொடங்கும், ஒன்று முதல் மூணு நாளில் அடங்கும். சிக்கல் அதற்குப் பிறகு. ஆள் தெம்பாக எழுந்து வேலைக்கு வந்த பிறகும் ரெண்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல், மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

சானிடைசர் ஏன் தோற்கிறது?

கொரோனா வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும், வைரஸ் காலி. நோரோவுக்கு அந்த உறையே கிடையாது. வெளியே இருப்பது கெட்டியான புரத ஓடு. ஆல்கஹாலுக்குக் கரைக்க அங்கே கொழுப்பு இல்லை.

இதை உறுதியாகச் சொல்ல விஞ்ஞானிகளுக்கு நாளாகிவிட்டது. அமெரிக்காவின் நார்வாக் நகரில் 1968-இல் ஒரு பள்ளியில் பரவிய வாந்தி நோயிலிருந்து எடுத்த மாதிரியில்தான், 1972-இல் ஆல்பர்ட் கபிகியன் குழு இந்த வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது. பெயரும் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். ஆனால் மனித நோரோவை ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. எலி நோரோ, பூனை வைரஸ் என்று ஒன்றுவிட்ட சொந்தங்களை வைத்தே கிருமிநாசினிகளைச் சோதித்தார்கள். பிசிஆர் இருக்கிறதே என்றால், அது உயிருள்ள வைரஸையும் செத்த வைரஸையும் பிரித்துச் சொல்லாது.

2016-இல் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டஸ் குழு, மனிதக் குடல் செல்களிலிருந்து உருவாக்கிய ‘குட்டிக் குடல்’ திசுவில் வைரஸை வளர்த்துக் காட்டியது. அதன் பிறகு நடந்த சோதனைகளில் ஆல்கஹால் வைரஸைக் குறைத்தது, முழுசாக ஒழிக்கவில்லை. குளோரின் ஒழித்தது.

சோப்பு? அது வைரஸைக் கொல்வதில்லை. ஓடும் தண்ணீரோடு சேர்ந்து கையிலிருந்து கழற்றிவிடுகிறது. வாஷ்பேசினில் 20 விநாடி நிற்பதுதான் வாசலில் ரெண்டு சொட்டைவிட நல்லது.

தண்ணீரில் எத்தனை நாள்?

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிலத்தடி நீரில் நோரோவைக் கலந்து, இருட்டில் வைத்து, முன்வந்த தன்னார்வலர்களுக்கே குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான முடிவு: 61 நாள் கழித்தும் அந்தத் தண்ணீர் தொற்றைக் கொடுத்தது.

டெல்டாக்காரர்கள் இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கிற ஊர் இது. செப்டிக் டேங்கும் அடிபம்பும் ஒரே கொல்லையில் இருக்கிற வீடுகள் உண்டு. டெல்டாவின் கடலோரத்தில் காரைக்காலில் 2022 ஜூலையில் வயிற்றுப்போக்கு பரவி, பொது சுகாதார அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. அங்கே கண்டறியப்பட்டது காலரா, நோரோ அல்ல. ஆனால் கழிவுநீர் குடிநீரில் கலந்தால் ரெண்டுக்கும் பாதை ஒன்றுதான்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதியில் ஒரு வரி பலர் கண்ணில் படுவதில்லை. குழாய்த் தண்ணீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் போதும், வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்பு வேண்டுமானால் 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். உங்கள் தெருக்குழாயில் எவ்வளவு என்று ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ கேட்கலாம். கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

பந்தியில் எது பாதுகாப்பு?

கொதிக்கிற சாம்பார், ரசம், ஆவி பறக்கிற சோறு பற்றிக் கவலை வேண்டாம். இந்த வைரஸ் 60 டிகிரிச் சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும், தளதளவென்று கொதிப்பதைத் தாங்காது. கவனம் தேவைப்படுவது அடுப்பில் ஏறாதவற்றுக்கு: தயிர்ப்பச்சடி, கோசுமல்லி, நீர்மோர், ஐஸ் போட்ட ஜூஸ், இலையில் தெளிக்கிற தண்ணீர். அப்புறம் அந்த ‘வெதுவெதுப்பான’ சீரகத் தண்ணீர். கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரை விளாவிக் கொடுத்தால் கொதிக்க வைத்ததற்கே அர்த்தமில்லை. தானாக ஆற வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்?

ஓஆர்எஸ்தான் முதல் மருந்து. ஆன்டிபயாடிக் வைரஸிடம் வேலை செய்யாது. குழந்தைக்கோ வயதானவர்களுக்கோ சிறுநீர் குறைந்தால், அசந்து கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி. பரவலான பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி இன்னும் இல்லை.

வாந்தி எடுத்த இடத்தை மாஸ்க், கையுறை போட்டு, பழைய துணியால் துடைத்து எடுத்துவிட்டு, அதன் பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்ற வேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். புதுசாகப் பிரித்த பவுடர் 15 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், 10 நிமிடம் ஊற வேண்டும். மாசக்கணக்கில் திறந்து கிடந்த பாக்கெட்டில் வீரியம் இருக்காது. பாத்ரூம் ஆசிட்டோடு மட்டும் கலக்கவே கூடாது, விஷ வாயு வரும்.

வாந்தி நின்ற பிறகும் 48 மணி நேரத்துக்கு அவர் சமையல் பக்கம் போகக்கூடாது. வீட்டில் இது எளிது. மண்டபத்தில் சட்னி அரைக்கிறவரும் பரிமாறுகிறவரும் அன்னன்னைக்குக் கூலி வாங்குகிறவர்கள். முகூர்த்த சீசனில் ரெண்டு நாள் படுத்தால் ரெண்டு நாள் சம்பளம் போச்சு என்பதால் மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சமையல் கான்ட்ராக்டில் ஐட்டத்துக்கு ஐட்டம் பேரம் பேசுகிற நாம், ‘உடம்பு முடியாதவருக்கு லீவு, கூலி பிடிக்கக்கூடாது’ என்று ஒரு வரியைச் சேர்த்துப் பேசலாம். அந்தச் செலவு, ஒரு பந்தியின் ஐஸ்க்ரீம் பில்லுக்குக்கூட வராது.