பழைய பாய்ப்படகு வாங்க நினைப்பவர்களுக்கு

போன மாதம் நிலையத்துக்கு வந்தபோது வாசலில் நின்ற ஒரு தம்பி கேட்டார், "அண்ணை, நீங்கள் பாய்ப்படகு வைச்சிருக்கிறீங்களாம். அது பணக்காரற்றை விளையாட்டெல்லோ?" அவசரத்தில் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இந்த மாத உரையாக எழுதுகிறேன்.

பணக்காரர் வாங்குவது புதுப் படகு. என்னுடையது 1974 ஆம் ஆண்டுப் படகு. அல்பேர்க் 30 என்று பெயர். கார்ல் அல்பேர்க் என்ற சுவீடன்காரர் வரைந்தது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே, எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கிப் போயிருக்கும் பகுதியில், 1962 இல் கட்டத் தொடங்கி 1987 வரை எழுநூறுக்கு மேல் கட்டினார்கள். முப்பது அடி நீளம், ஏறக்குறைய நாலு தொன் பாரம். கியூபெக்கைச் சேர்ந்த ஈவ் ஜெலினா என்பவர் இதே வகைப் படகில்தான் தனி ஆளாகப் புறப்பட்டு, 1981 க்கும் 1983 க்கும் இடையில் தென்கடல்களைச் சுற்றி வந்தார். நான் ஸ்காபரோவில் இருந்து நயாகரா வரை போய் வந்ததுதான். அதையும் பெரிதாகச் சொல்வேன்!

2014 இல் ஏழாயிரம் டொலருக்கு வாங்கினேன். அந்த விலைக்கு நல்ல பழைய கார் ஒன்று கூடக் கிடைக்காது. ஆனால் முதல் மூன்று வருடத்தில் அதற்கு மேலே பத்தாயிரம் போனது. அதில் பாதி என்னுடைய அவசரத்துக்குக் கொடுத்த விலை. அந்தக் கதையைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஊரில் படகைக் கெடுப்பது உப்பு. ஆணியைத் தின்னும், எஞ்சினைத் தின்னும். இங்கே ஏரி நல்ல தண்ணீர், ஆகவே ஐம்பது வருடப் படகின் அடிப்பக்கம் கூட ஆச்சரியமாக நன்றாயிருக்கும். ஒன்ராறியோ ஏரியில் படகைக் கெடுப்பது மேலே விழும் மழையும் பிறகு வரும் குளிரும். என்னுடைய படகின் மேல்தட்டு ஒரே பைபர் கிளாஸ் அல்ல. மேலும் கீழும் மெல்லிய பைபர், நடுவில் பால்சா என்ற பாரமில்லாத மரம். பாரம் குறைவு, உறுதி கூட. ஆனால் தட்டில் நூறு ஓட்டை இருக்கும். கயிறு கட்டும் கட்டை, கைபிடிக் கம்பி, யன்னல் எல்லாமே ஆணி போட்டு முறுக்கியவை. அந்த ஓட்டைகளில் பூசிய பசை பத்துப் பதினைந்து வருடத்தில் காய்ந்து வெடிக்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். மரம் ஊறும். மாரியில் அது உறையும். தண்ணீர் பனிக்கட்டியானால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், பெருத்தால் பைபரையும் மரத்தையும் பிரிக்கும். அடுத்த கோடையில் இன்னும் கூடத் தண்ணீர் போகும். இப்படி இருபது மாரி போனால் உள்ளே மரம் இல்லை, சேறுதான்.

விற்றவர் "தட்டு கல்லு மாதிரி" என்றார். நானும் புரட்டாதி மாத வெயிலில், புதுப் பெயின்ற் அடித்த தட்டில் நின்று, தலையாட்டினேன். சேர்வேயரைக் கூப்பிட அறுநூறு டொலர் என்று மிச்சம் பிடித்தேன். சித்திரையில் பார்த்தால் பாய்மரத்தடியில் கால் வைக்கப் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. வெட்டித் திறந்தேன். ஊறின பிண்ணாக்கு மாதிரி ஒரு வாளி நிறைய அள்ளினேன். இரண்டு கோடை சனி ஞாயிறு எல்லாம் அதிலே போனது. "என்னப்பா, வீட்டுக் கூரை ஒழுகுது, நீங்கள் படகுக் கூரையை மேயுறீங்கள்" என்று மனுசி சொன்னது நியாயமான பேச்சு.

ஆகவே தம்பி, பார்க்கப் போகும்போது ஒரு ஸ்குறூடிறைவர் கொண்டு போங்கள். அதன் பிளாஸ்ரிக் பிடியால் தட்டு முழுவதும், ஒரு சாண் ஒரு சாணாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும். ஊறின இடம் தேங்காய் அழுகியது போல 'தொப்' என்னும். பாய்மரத்தடி, கைபிடிக் கம்பியின் கால்கள், யன்னல் ஓரம் மூன்றையும் விடாதீர்கள். புதுப் பெயின்ற் அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். சின்ன இடம் என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். தட்டில் பாதி என்றால் சும்மா தந்தாலும் வேண்டாம்.

இந்தப் படகில் பாய்மரம் தட்டின் மேல்தான் நிற்கிறது. அதன் பாரத்தை உள்ளே ஒரு குறுக்கு உத்தரம் தாங்குகிறது. அது வளைந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கதவு இறுகித் திறந்தால் சந்தேகப்படுங்கள். பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிவடங்களை ஒரு ரிஷ்யூத் துண்டால் மேலிருந்து கீழாகத் துடைத்தால் அறுந்த இழை கடதாசியைப் பிடிக்கும். ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்த வடத்தை மாற்ற வேண்டும். கீல் என்கிற அடிப்பாரம், ஊரில் ஏரா என்பார்கள், இதில் பைபருக்கு உள்ளேயே அடங்கி இருப்பதால் அதன் ஆணி துருப்பிடிக்கும் கவலை இல்லை.

எஞ்சின் அற்றோமிக் 4, பெற்றோலில் ஓடுவது, முப்பது குதிரைவலு. பழைய எஞ்சின் என்று பயப்படாதீர்கள், உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறது. பயப்பட வேண்டியது பெற்றோல் ஆவிக்கு. அது காற்றை விடப் பாரம், படகின் அடியில் போய்த் தேங்கும். இயக்குவதற்கு முன் நாலு நிமிடம் காற்றாடியை ஓட விடவேண்டும் என்று கனடாச் சட்டமே சொல்கிறது. நான் அந்த நாலு நிமிடத்தில் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றுவேன்.

ஐப்பசியில் படகைத் தூக்கிக் கரையில் வைத்தவுடன் எஞ்சினுக்குள் நிற்கும் ஏரித் தண்ணீரை வெளியேற்றி, இளஞ்சிவப்பு நிற அன்ரிபிறீஸ் ஓட விடவேண்டும். காருக்கு ஊற்றும் பச்சை வேண்டாம், அது நஞ்சு, கடைசியில் ஏரிக்குத்தான் போகும். பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் "அடுத்த கிழமை செய்வோம்" என்று விட்டார். ஒரு இரவு உறைபனியில் இரும்பு வெடித்துவிட்டது.

இனி, இதில் எழுதுவதா என்று யோசித்த ஒரு விஷயம். மனுசி 1990 இல் பேசாலையில் இருந்து இராமேஸ்வரத்துக்கு இரவு வள்ளத்தில் வந்தவ. பதினாறு வயது. வழி முழுக்க முழங்கால் அளவு தண்ணீரில் இருந்து, பால்மா ரின்னால் இறைத்துக்கொண்டு வந்ததாக ஒரு முறைதான் சொன்னா. நான் படகு வாங்கி நாலு வருடம் அவ துறைப்பக்கமே வரவில்லை. நானும் கேட்கவில்லை.

2018 ஆனி மாதம் ஒரு நாள் தானாகவே வந்தா. பாயையோ ஏரியையோ பார்க்கவில்லை. உள்ளே இறங்கி, "அடியிலை என்ன இருக்கு, தூக்கிக் காட்டுங்கோ" என்றா. தரைப்பலகையைத் தூக்கினேன். கீழே உள்ள பள்ளத்தில், பில்ஜ் என்பார்கள், தூசுதான் இருந்தது. குனிந்து கையால் தடவிப் பார்த்தா. பிறகு மேலே போய் இருந்து, "சரி, எடுங்கோ" என்றா. அன்று துறைமுக வாய் வரைதான் போனோம்.

இப்போதும் ஒவ்வொரு முறையும் ஏறியதும் முதல் வேலை அவவுக்குப் பலகை தூக்குவதுதான். நானும் அதையே பழகிவிட்டேன். எங்கேயாவது ஒரு கோப்பை தண்ணீர் கண்டால் அது எந்த வழியால் வந்தது என்று பிடித்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பேன். ஓட்டையைப் பிடிப்பதும் லேசு. வரிசையாக யன்னல்களில் குழாய்த் தண்ணீர் அடித்து, ஒருவர் உள்ளே நின்று பார்த்தால் போதும். ஒழுகும் பொருத்தைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாகக் குடைந்து, எப்பொக்சியால் நிரப்பி, காய்ந்த பின் நடுவில் புதுத் துளை போட்டுப் பூட்டுங்கள். அதற்குப் பிறகு பசை விட்டாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

துறைக் கட்டணம், தூக்கி இறக்கும் கூலி, இன்சூரன்ஸ் என்று எனக்கு வருடம் நாலாயிரம் வரை போகிறது. பழைய படகென்றால் இன்சூரன்ஸ்காரர் சேர்வேயரின் அறிக்கை கேட்பார்கள், ஆகவே அந்த அறுநூறை வாங்க முதலே செலவழியுங்கள். எஞ்சின் பூட்டிய படகை ஓட்டுவதற்குரிய அட்டையை 2009 இல் இருந்து எல்லோரும் எடுத்தாக வேண்டும், பாய்ப்படகுக்கும் அதுதான். பத்துக் குதிரைவலுவுக்கு மேல் என்றால் படகுக்கும் இலக்கம் எடுக்க வேண்டும். ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி கட்டாயம். வைகாசியில் ஏரித் தண்ணீர் ஐந்து பாகைக்குக் கிட்ட இருக்கும், நீச்சல் தெரியும் என்பது அதில் உதவாது.

வல்வெட்டித்துறை நண்பர் ஒருவர் என்னைக் கண்டால், தங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனதை நினைவூட்டி, "நீ இன்னும் நயாகராவோ?" என்பார். அதுவும் பழைய கப்பலாக ஒரு அமெரிக்கர் வாங்கிக் கொண்டுபோனதுதான்.

இந்த வருடம் ஐப்பசி நடுப்பகுதியில் படகைத் தூக்குகிறோம். அதற்கு முதல் வலது பக்க யன்னல் இரண்டைக் கழற்றிப் பூட்ட வேண்டியிருக்கிறது. தம்பி, தட்டிப் பார்த்துப் பழக விரும்பினால் நிலையத்தில் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை வாரும். மெதுவான அடியுள்ள சப்பாத்துப் போட்டு வாரும்.