தண்ணீர்க் குடுவையும் தண்டனைச் சட்டமும்

ஆவணமின்றி எல்லை கடந்து வருவோருக்குத் தண்ணீர், உணவு, முதலுதவி, படுக்க ஓர் இடம் ஆகியவற்றைக் கூலி எதிர்பாராமல் கொடுத்த தன்னார்வலர்கள் மீது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொடரப்பட்ட குற்றவியல் வழக்குகளை அடுத்தடுத்துப் படித்தால், ‘உதவி செய்தார்’ என்று எவர் மீதும் நேரடியாகக் குற்றம் சாட்டப்படுவது அரிது என்பது விளங்கும். மறைத்து வைத்தார், வண்டியில் ஏற்றிச் சென்றார், நுழைவுக்குத் துணைபோனார், அனுமதிச் சீட்டின்றிக் காட்டுக்குள் புகுந்தார், குப்பை போட்டார் என்பவையே குற்றப்பத்திரிகைகளில் இடம்பெறும் சொற்கள். பணத்துக்காக மனிதரைக் கடத்துபவனைப் பிடிக்க விரிக்கப்பட்ட வலையில், தாகத்துக்குத் தண்ணீர் வைத்தவரும் சிக்குவது எப்படி, சிக்கியவருக்கு எந்த வாசல்கள் திறந்திருக்கின்றன என்பது, பிள்ளைகளையும் உறவுகளையும் பல நாட்டு எல்லைகள் தாண்டி அனுப்பிய தமிழ்ச் சமூகம் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. தமிழில் ‘ஆட்கடத்தல்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் செயல்கள் பன்னாட்டுச் சட்டத்தில் இரு வேறு குற்றங்களாக உள்ளன. ஒருவரை ஏமாற்றியோ மிரட்டியோ சுரண்டும் நோக்கில் கொண்டுசெல்வது மனித வணிகம். தானாக விரும்பி வருபவரிடம் பணம் வாங்கிக்கொண்டு சட்டவிரோதமாக எல்லை தாண்டச் செய்வது, ஈழத்தமிழர் வழக்கில் ‘ஏஜென்சி’ பார்க்கும் வேலை. இந்த இரண்டாவது குற்றத்தைப் பற்றி 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்டு 2004இல் நடைமுறைக்கு வந்த நெறிமுறை ஒப்பந்தம், பணமாகவோ வேறு பொருளாகவோ ஆதாயம் பெறும் நோக்கம் இருந்தால்தான் அது குற்றம் என்று வரையறுத்தது. குடும்பத்தாரும் தொண்டு அமைப்புகளும் இந்த வலையில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சொற்கள் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டன.

ஆனால் அந்தச் சொற்கள் பல நாடுகளின் உள்நாட்டுச் சட்டங்களுக்குள் நுழையும்போது உதிர்ந்துவிட்டன. அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் எட்டாம் தலைப்பின் 1324ஆம் பிரிவு, ஆவணமற்றவர் என்று அறிந்தோ, அதைப் பற்றி அக்கறையின்றியோ ஒருவரை ஏற்றிச் செல்வதையும் மறைத்து வைப்பதையும் அடைக்கலம் கொடுப்பதையும் குற்றமாக்குகிறது. ஆதாயம் பெற்றிருந்தால் தண்டனை 10 ஆண்டு வரை, பெறாவிட்டால் 5 ஆண்டு வரை. அதாவது ஆதாயம் என்பது அங்கே தண்டனையின் அளவைக் கூட்டிக் குறைக்குமே தவிர, குற்றம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு வழிகாட்டுச் சட்டமோ, தங்குவதற்கு உதவுவதில் மட்டும் ஆதாய நோக்கத்தை நிபந்தனையாக வைத்துவிட்டு, நுழைவதற்கு உதவுவதில் அதைக் கைவிட்டது. மனிதாபிமான உதவிக்கு விலக்கு அளிப்பதை அது உறுப்பு நாடுகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. கட்டாயமற்ற விலக்கு என்பது, அவசரம் வரும்போது காணாமல் போகும் விலக்கு.

இதன் விளைவை மிக அருகில் காட்டுவது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைவனம். 1990களின் நடுப்பகுதியில் நகரங்களையொட்டிய எல்லைப் பகுதிகளில் காவல் இறுக்கப்பட்டதால், கடக்க நினைத்தவர்கள் கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் சொனோரா பாலைவனத்துக்குள் தள்ளப்பட்டனர். 2000ஆம் ஆண்டு முதல் தெற்கு அரிசோனாவில் கண்டெடுக்கப்பட்ட மனித எச்சங்கள் 3,000க்கும் மேல். நாள்கணக்கில் நடக்க வேண்டிய இந்தப் பாதைக்குத் தேவையான நீரை எவராலும் சுமக்க முடியாது என்பது எளிய கணக்கு: ஒரு காலன் நீரின் எடை ஏறத்தாழ 3.8 கிலோ, அந்த வெயிலில் அது ஒரு நாளைக்கே போதாது. ‘நோ மோர் டெத்ஸ்’ என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் பிளாஸ்டிக் குடுவைகளில் நீரும் பீன்ஸ் டப்பாக்களும் தூக்கிச் சென்று ஒற்றையடிப் பாதைகளின் ஓரத்தில் வைத்து வருவது இதனால்தான். சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் போடுவதை அறமாகக் கருதும் மண்ணில் வளர்ந்தவருக்கு இதில் விளக்க வேண்டியது ஏதுமில்லை.

அங்கே 2008இல் ஒரு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் நீர்க் குடுவைகளை வைத்த தன்னார்வலர் ஒருவருக்குக் குப்பை போட்டதற்கான அபராதச் சீட்டு வழங்கப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு, அதே எல்லைப் பகுதியில், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலை அவர் கண்டெடுத்திருந்தார். தொகை சிறிது, கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கட்ட மறுத்து வழக்காடினார். மூடி திறக்கப்படாத, குடிப்பதற்கென்றே வைக்கப்பட்ட முழுக் குடுவை ‘குப்பை’ ஆகுமா என்ற கேள்வி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. அந்தச் சொல்லின் பொருள் இந்தச் செயலுக்குப் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது என்றும், ஐயத்தின் பயன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே சேர வேண்டும் என்றும் கூறி, 2010இல் அந்த நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. தண்டனைச் சட்டத்தின் சொற்களை இழுத்து நீட்டக் கூடாது என்னும் இந்தப் பழைய கோட்பாடு, இத்தகைய வழக்குகளில் கிடைக்கும் முதல் கேடயம்.

அரசுத் தரப்பு அடுத்து விதிமுறையையே மாற்றியது. கபேசா பிரியெட்டா வனவிலங்குச் சரணாலயத்தின் நுழைவு அனுமதிப் படிவத்தில், உணவு, நீர், மருந்து, போர்வை எதையும் விட்டுச் செல்ல மாட்டேன் என்ற உறுதிமொழி 2017இல் சேர்க்கப்பட்டது. அனுமதியின்றி அதற்குள் சென்று நீரும் உணவும் வைத்த நான்கு பெண்கள் 2019 ஜனவரியில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, 15 மாத நன்னடத்தைக் கண்காணிப்புக்கும் தலா 250 டாலர் அபராதத்துக்கும் உள்ளாயினர். 2020 பிப்ரவரியில் மாவட்ட நீதிபதி ரோஸ்மேரி மார்க்கெஸ் அந்தத் தீர்ப்பை மாற்றினார். அதற்கு அவர் கையாண்டது 1993ஆம் ஆண்டின் சமய சுதந்திர மீட்புச் சட்டம். ஒருவர் உளமார நம்பும் சமய அல்லது ஆன்மிகக் கடமையை அரசு தடுப்பதானால், அதற்கு மிக வலுவான காரணமும், வேறு வழியில்லை என்ற நிலையும் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். மரணமே எல்லைக்குக் காவல் என்பதுபோன்ற அரசின் வாதத்தை அவர் ஏற்கவில்லை.

இவற்றினும் பெரிய வழக்கு ஸ்காட் வாரன் என்ற புவியியல் ஆசிரியர் மீதானது. 2018 ஜனவரி 17 அன்று, அஜோ என்னும் சிற்றூரில் தொண்டு அமைப்புகள் பயன்படுத்திய கட்டடத்தில், மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இளைஞர் இருவருடன் அவர் கைது செய்யப்பட்டார். எல்லைக் காவலர்கள் நீர்க் குடுவைகளை உதைத்து உடைப்பதைக் காட்டும் அறிக்கையை அவரது அமைப்பான ‘நோ மோர் டெத்ஸ்’ வெளியிட்டது அதே நாளில்தான். சதி, அடைக்கலம் என மூன்று குற்றச்சாட்டுகள்; மொத்தமாக 20 ஆண்டு வரை சிறை செல்லக்கூடிய நிலை. அவர் அந்த இருவருடன் நின்றுகொண்டு கையை உயர்த்தி எதையோ சுட்டிக்காட்டியதைத் தொலைவிலிருந்து காவலர்கள் பார்த்திருந்தனர். காவல் சோதனைச் சாவடியைத் தவிர்த்துத் தப்பிச் செல்ல வழி காட்டினார் என்றது அரசுத் தரப்பு. நெடுஞ்சாலை எங்கே, மலை எங்கே என்று திசை தெரியாதவருக்குச் சொன்னார், வழிதவறினால் சாவு நிச்சயம் என்றது எதிர்த்தரப்பு. உயர்த்திய ஒரு கைக்கு என்ன பொருள் என்பதில் ஒரு மனிதனின் பல ஆண்டு வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. 2019 ஜூனில் நடுவர் குழு 8க்கு 4 என்று பிளவுபட்டது. சதிக் குற்றச்சாட்டைக் கைவிட்டு அரசு மீண்டும் வழக்கை நடத்தியது. நவம்பர் 20 அன்று இரண்டாவது நடுவர் குழு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அவரை விடுவித்தது. வந்தவர்களின் உடல்நிலை பற்றி மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டிருந்ததும், அமைப்பின் எழுதப்பட்ட நடைமுறைகளைப் பின்பற்றியிருந்ததும், மறைப்பது அவரது நோக்கமல்ல என்பதைக் காட்ட உதவின.

பிரான்சில் வாதம் வேறு வழியில் வென்றது. இத்தாலிய எல்லையையொட்டிய ரோயா பள்ளத்தாக்கில் ஆலிவ் பயிரிடும் செத்ரிக் எரூ என்ற விவசாயி, எல்லை கடந்து வந்தவர்களை வண்டியில் ஏற்றியும் வீட்டில் தங்கவைத்தும் வந்தார். 2017 பிப்ரவரியில் நீஸ் நீதிமன்றம் அவருக்கு 3,000 யூரோ நிறுத்திவைக்கப்பட்ட அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அது நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறையாகக் கூடியது. பிரெஞ்சுக் குடியரசின் முழக்கத்தில் மூன்றாம் சொல்லாக நிற்கும் ‘சகோதரத்துவம்’ வெறும் அலங்காரமா, சட்டமா என்று அவரது வழக்கறிஞர்கள் அரசியலமைப்பு மன்றத்தைக் கேட்டனர். அது அரசியலமைப்பு மதிப்புள்ள கோட்பாடே என்றும், தங்கியிருப்பவரின் ஆவணம் முறையானதா என்று பாராமல் மனிதாபிமான நோக்கில் உதவும் சுதந்திரம் அதிலிருந்து பிறக்கிறது என்றும் 2018 ஜூலை 6 அன்று அம்மன்றம் தீர்ப்பளித்தது. 2020 மே மாதம் லியோன் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பின் கடைசி முறையீடு 2021 மார்ச்சில் தள்ளுபடியானது. ஆயினும் அந்தப் பாதுகாப்பு நாட்டுக்குள் தங்குவதற்கும் பயணிப்பதற்கும் உதவுவோருக்கே உரியது. எல்லையைத் தாண்டி உள்ளே கொண்டுவருபவர், ஒரு சென்ட் வாங்காவிட்டாலும், அதற்கு வெளியேதான் நிற்கிறார்.

தமிழர்களை நேரடியாகத் தொடும் தீர்ப்பு கனடாவினுடையது. 2009 அக்டோபரில் 76 தமிழர்களுடன் ‘ஓஷன் லேடி’ என்ற கப்பல் வான்கூவர் தீவுக் கடலில் தடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ‘சன் சீ’ கப்பலில் 492 பேர் வந்து சேர்ந்தனர். ‘சன் சீ’யின் தாய்லாந்து மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் போன பின், எஞ்சின் அறையில் எண்ணெய், நீர் அளவைப் பார்த்துக்கொண்டவரும், உணவும் மருந்தும் கிடைக்கும் என்பதற்காகக் காவல் பார்த்தவரும்கூட ஆட்கடத்தலில் ஈடுபட்டவர்களாகக் கருதப்பட்டு அகதி விண்ணப்ப வாய்ப்பை இழந்தனர். 2015 நவம்பர் 27 அன்று கனடா உச்ச நீதிமன்றம் இரு தீர்ப்புகளை ஒருசேர அளித்தது. ஆதாய நோக்கமின்றித் தம்மோடு தப்பி வருபவருக்கு உதவுபவர் ஆட்கடத்தல்காரர் ஆகார் என்றது ஒன்று. ‘ஓஷன் லேடி’ வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நால்வர் தொடர்பான மற்றொன்று, 10 பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ அழைத்துவந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கும் 117ஆம் பிரிவு, மனிதாபிமான உதவி, அகதிகள் ஒருவருக்கொருவர் செய்யும் துணை, குடும்பத்தாரின் உதவி ஆகியவற்றைத் தொடும் அளவுக்கு அரசியலமைப்புக்கு முரணானது என்றது. வழக்குத் தொடர அரசுத் தலைமை வழக்கறிஞரின் ஒப்புதல் தேவை என்பதால் நல்லவர்கள் தப்பிவிடுவார்கள் என்ற அரசின் சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதிகாரியின் நல்லெண்ணத்தை நம்பிச் சிறையின் விளிம்பில் ஒருவரை நிறுத்திவைப்பது பாதுகாப்பு ஆகாது என்பதே இந்த முழுப் பொருளிலும் மிக முக்கியமான சட்டக் கருத்து.

விடுதலை பெற்றவர்களின் கதைகளை மட்டும் படித்து ஆபத்து சிறிது என்று எண்ணிவிடக் கூடாது. கடலில் மனிதரை மீட்ட ‘யுவென்டா’ கப்பல் 2017 ஆகஸ்டில் இத்தாலியில் பறிமுதல் செய்யப்பட்டது; 2024 ஏப்ரலில் வழக்கு விசாரணைக்கே தகுதியற்றது என்று கைவிடப்பட்டபோது, கப்பல் திராபானித் துறைமுகத்தில் பாழடைந்து கிடந்தது. கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் 2018இல் கைதான மீட்புத் தன்னார்வலர்கள் 100 நாளுக்கு மேல் சிறையில் இருந்தனர். வழக்கு நடத்துவதே தண்டனையாகிவிடுகிறது. அடுத்த தன்னார்வலர் தண்ணீர் எடுத்துச் செல்லத் தயங்குகிறார்.

ஆகவே உதவ முன்வருவோர் கவனிக்க வேண்டியவை நீதிமன்றங்கள் எவற்றை எடைபோட்டன என்பதிலிருந்தே கிடைக்கின்றன. பெட்ரோல் செலவு என்ற பெயரிலும் பணம் வாங்கக் கூடாது, ஏனெனில் ஆதாயம் என்ற சொல் அங்கிருந்துதான் தொடங்கும். மருத்துவ உதவியை நாடிய நேரமும் அழைத்த எண்ணும் எழுதிவைக்கப்பட வேண்டும். உதவி வெளிப்படையாக நடக்க வேண்டும், ஏனெனில் மறைவு என்பதே பல சட்டங்களில் குற்றத்தின் உயிர்நாடி. எல்லையின் எந்தப் பக்கத்தில் உதவுகிறோம் என்பது சட்டத்தை அடியோடு மாற்றும் என்பதையும் மறக்கலாகாது. பிரான்சில் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், வாழ்க்கைத்துணை ஆகியோர் தங்குவதற்கு உதவும் நெருங்கிய உறவினருக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆனால் உறவினருக்காக ஏஜென்சிக்குப் பணம் கட்டுவதை அதே கண்ணால் பார்க்க முடியாது. கைதானால், வழக்கறிஞர் வரும் வரை மௌனம் காக்கும் உரிமையைப் பயன்படுத்த வேண்டும். நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு வாக்கியம்கூட ‘தெரிந்தே செய்தார்’ என்பதற்குச் சான்றாகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மொழிபெயர்ப்பாளரையும், புரியும் மொழியில் குற்றப்பத்திரிகையையும் பெறும் உரிமையை 2010ஆம் ஆண்டு வழிகாட்டுச் சட்டம் ஒன்று அளிக்கிறது. லெஸ்போஸ் வழக்கின் ஒரு பகுதி 2023 ஜனவரியில் வீழ்ந்ததற்கு, வெளிநாட்டினருக்குக் குற்றப்பத்திரிகை மொழிபெயர்க்கப்படாததும் ஒரு காரணம்.

ஐரோப்பிய ஆணையம் 2023 நவம்பரில் பழைய வழிகாட்டுச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய வரைவொன்றை முன்வைத்தது. குடும்பத்தாருக்கும் மனிதாபிமான நோக்கிலும் செய்யப்படும் உதவியைக் குற்றமாக்குவது நோக்கமல்ல என்ற வாசகம் அதில் இருக்கிறது. ஆனால் அது நாடுகளைக் கட்டுப்படுத்தும் பிரிவுகளுக்குள் வைக்கப்படாமல், வரைவின் முகவுரையில் வைக்கப்பட்டிருக்கிறது.