ஆரோக்கியப்பச்சை கற்பிக்கும் பாடம்



ஏதேன் தோட்டத்தில் ஆதாமுக்கு இரண்டு பணிகள் அளிக்கப்பட்டன. தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பது ஒன்று (ஆதி. 2:15). உயிரினங்களுக்குப் பெயரிடுவது மற்றொன்று (ஆதி. 2:19, 20). பெயரிட வேண்டுமானால் உற்றுநோக்கி அறிய வேண்டும். காக்க வேண்டுமானால் நேசிக்க வேண்டும். பாவம் உலகத்திற்குள் பிரவேசிக்கும் முன்னரே அறிவும் பராமரிப்பும் மனிதனுடைய கரத்தில் ஒருமித்து ஒப்புவிக்கப்பட்டன. இவ்விரண்டையும் பிரித்ததே நம்முடைய துயரங்கள் பலவற்றிற்குக் காரணமாயிற்று.

தனுவச்சபுரம், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களை விட்டுப் பிழைப்பிற்காக நகரங்களில் குடியேறியவர்களே, நீங்கள் அறிந்த நெய்யாறு எங்கே பிறக்கிறது? 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்திய மலைச்சிகரத்தின் சரிவில் தோன்றி, நெய்யாற்றின்கரை வழியாக ஓடி, பூவாறு அருகே கடலில் சங்கமமாகிறது. 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மலையோ இரு பக்கத்தாருக்கும் பொதுவாகவே நிற்கிறது. அங்கே எல்லையின் இருபுறமும் வாழ்பவர்கள் காணி மக்கள். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

களைப்படையாத வழிகாட்டிகள்

1987-ஆம் ஆண்டு, தாவரவியல் அறிஞர் புஷ்பாங்கதன் தம் குழுவினருடன் அந்த மலைக்காட்டில் ஆய்வுப் பயணம் மேற்கொண்டார். ஏற்றத்தில் அறிஞர்கள் சோர்ந்துபோயினர். வழிகாட்டிகளாக வந்த காணி மக்களோ சிறு கனிகளைத் தின்றுகொண்டு உற்சாகமாய் நடந்தனர். அது என்னவென்று கேட்டபோது, உடனே வெளிப்படுத்த அவர்களுக்கு மனமில்லை. அது தங்கள் குலத்திற்குரிய இரகசியம் என்று எண்ணினார்கள். பின்னர் காட்டினார்கள்: மரநிழலில் வளரும் ஒரு சிறு செடி. அதன் பெயர் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அச்செடியைச் சோதித்தது. அதன் இலையுடன் அமுக்கிரா, விஷ்ணுகிராந்தி, திப்பிலி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்து உருவாயிற்று. 1995-இல் அதைத் தயாரிக்கும் உரிமை கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. உரிமத் தொகை 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் உரிமைப்பங்கு. இவற்றில் சரிபாதி காணி மக்களுக்கு என்று தீர்மானிக்கப்பட்டது. அதைப் பெறுவதற்காக 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது.

ஏழை ஞானியின் பங்கு

பிரசங்கி ஒன்பதாம் அதிகாரத்தில் ஓர் ஏழை ஞானியைக் குறித்து வாசிக்கிறோம். அவனுடைய ஞானத்தினால் பட்டணம் தப்பியது. ஆயினும் ஒருவரும் அவனை நினைக்கவில்லை. உலக வழக்கம் இதுவே. மலைவாசியின் அறிவை எடுத்துக்கொள்வார்கள், அவனை மறந்துபோவார்கள். இந்தக் காரியத்திலோ ஏழை ஞானி நினைக்கப்பட்டான். ஆகையால்தான் இது உலக அரங்கில் ஓர் முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

ஆனாலும் எல்லாம் நேர்த்தியாக முடிந்ததென்று எண்ண வேண்டாம். சிலரிடமிருந்து பெற்ற அறிவு முழுச் சமுதாயத்திற்கும் உரியது. எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்று காணி மக்களுக்குள்ளேயே மனத்தாங்கல் எழுந்தது. இலைக்குத் தேவை பெருகியபோது, பயிர் என்ற பெயரில் காட்டுச் செடிகளே பறிக்கப்படும் என்று வனத்துறை ஆட்சேபித்தது. அறிவு நியாயமாய்ப் பகிரப்பட வேண்டும்; அறிந்த பொருளும் அழியாமல் காக்கப்பட வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்றொன்று நிலைக்காது.

மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இதற்கு ஒரு சிறிய கட்டளை இருக்கிறது. கூட்டைக் காண்பவன் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாய்ப்பறவையையோ விட்டுவிட வேண்டும் (உபா. 22:6, 7). இலையைப் பறிப்பவன் வேரைப் பிடுங்காதிருப்பதும் அதே கீழ்ப்படிதல்தான். நாம் எஜமான்கள் அல்ல, உக்கிராணக்காரர்கள். உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனாய்க் காணப்பட வேண்டும் (1 கொரி. 4:2).

உங்கள் வீட்டிலுள்ள மலை

பிரியமானவர்களே, மருந்தை விளம்பரம் செய்ய இதை எழுதவில்லை. கண்ட பச்சிலையையெல்லாம் தின்று பாருங்கள் என்றும் சொல்லவில்லை. காணி மக்களின் அறிவும்கூட ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே மருந்தாயிற்று. நான் கேட்பது வேறு. உங்கள் வீட்டிலுள்ள முதியவர்களை நீங்கள் எப்படி மதிக்கிறீர்கள்?

ஊரிலிருந்து வந்து உங்கள் அடுக்குமாடி வீட்டின் மூலையில் அமர்ந்திருக்கும் தாயார், எந்த மாதத்தில் சேம்பு நட வேண்டும், எந்தச் சேனை தொண்டையில் அரிக்கும், மரச்சீனியை எப்படி வேகவைத்து நீரை வடிக்க வேண்டும் என்று அறிந்தவர். உங்கள் பிள்ளைகள் கணினியை அறிவார்கள், அது நல்லதே. ஆனால் பாட்டியம்மாளிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறார்களா? அவர் கண் மூடும் நாளில் அந்த அறிவும் அவருடன் மண்ணுக்குள் போய்விடும்.

சாலொமோன் ராஜா லீபனோனின் கேதுரு முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரை மரஞ்செடிகளைக் குறித்துப் பேசினான் (1 இரா. 4:33). தேவன் அருளிய ஞானம் சுவரோரத்துச் சிறு செடியையும் அற்பமாய் எண்ணவில்லை. சிருஷ்டியை நாம் வணங்குகிறதில்லை, சிருஷ்டிகரையே வணங்குகிறோம். அவரை வணங்குகிறவன் அவருடைய கைவேலையை அலட்சியம்பண்ணலாமா?

இந்த மாதம் ஒன்று செய்யுங்கள். குடும்ப ஜெபம் முடிந்தபின் பெரியவர்களைப் பேசச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். சொன்னவர் பெயரையும் மறவாமல் எழுதட்டும். மாடியில் ஒரு தொட்டியிலாவது ஒரு செடியை வளர்க்கட்டும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நெய்யாற்றங்கரையில் நின்று, இந்த நீர் வரும் மலையையும் அதைக் காத்து வாழும் மக்களையும் நினைத்துத் தேவனை ஸ்தோத்திரிக்கட்டும்.

அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ கட்டியெழுப்பும் என்பது அப்போஸ்தலனுடைய உபதேசம் (1 கொரி. 8:1). அன்போடு அறியவும், அறிந்ததைக் காக்கவும் கர்த்தர் தாமே நம் ஒவ்வொருவருக்கும் கிருபை செய்வாராக. ஆமென்.