தண்ணீரும் தானியமும் காத்த கோட்டை

செஞ்சிக் கோட்டை என்றதும் நமக்குத் தேசிங்கு ராஜனும் அவன் குதிரையும்தான் ஞாபகம் வரும். கத்தி, பீரங்கி எல்லாம் ஆண்கள் சமாசாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் குடும்பம் நடத்துகிற பெண்கள்தான் இதை அவசியம் பார்க்க வேண்டும் என்பேன்.

ஏன் தெரியுமா? 1690-ல் மொகலாயப் படை இந்தக் கோட்டையைச் சூழ்ந்தது. உள்ளே இருந்தவர் சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம். விட்டுவிட்டு நடந்த முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. இத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க மதில் மட்டும் போதுமா? உள்ளே இருப்பவர்களுக்குச் சோறும் தண்ணீரும் வேண்டாமா?

அதற்கான ஏற்பாட்டை இன்றைக்கும் பார்க்கலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். அவற்றை இணைக்கும் நீண்ட மதில். ராஜகிரி அடிவாரத்தில் கனத்த சுவர்களோடு பெரிய நெற்களஞ்சியம். செட்டிகுளம், சக்கரகுளம் என்று இரண்டு குளங்கள். அடுக்கடுக்காய் உயர்ந்த கல்யாண மகால் பக்கத்திலும் ஒரு குளம். மழை நீரை வீணாக்காமல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மலை உச்சியிலும் களஞ்சியம் உண்டு. நாம் வருஷ சாமான் வாங்கி வைப்பதில்லையா, அதே கணக்குத்தான்!

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று நம் செஞ்சி. இனி கூட்டம் கூடத்தான் செய்யும்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். வெயிலுக்கு முன்னே, காலையிலேயே ஏறிவிடுங்கள். பருத்திச் சேலையோ சுடிதாரோ கட்டிக்கொண்டு, வழுக்காத செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். மூட்டுவலி, இருதயக் கோளாறு உள்ளவர்கள் மேலே ஏற வேண்டாம். களஞ்சியம், குளம், கல்யாண மகால் எல்லாம் கீழேயே இருக்கின்றன. குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள்.

குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். காலி பாட்டிலைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரையும் போற்றி வைத்த இடத்தில் குளத்திலே பிளாஸ்டிக்கை வீசுவதும், சுவரிலே பெயரைக் கீறுவதும் எவ்வளவு அநியாயம்! பீரங்கிக்குத் தப்பிய சுவர் ஒரு ஆணிக்குத் தப்பவில்லை என்றால் யாருக்கு அவமானம்? குழந்தைகளுக்கு இதை அங்கேயே, அந்தக் களஞ்சியத்தின் வாசலிலேயே நிறுத்திச் சொல்லிக்கொடுங்கள். அம்மா சொன்னால் மனதில் நிற்கும்.