சட்டைப் பொத்தானும் சர்வகலாசாலைப் பட்டமும்

பாரிசவாதத்தினால் ஒரு கை வலுவிழந்த ஒருவர் தமது சட்டைப் பொத்தானைத் தாமே பூட்ட முயல்கின்றார். அருகில் நிற்பவர் அதனை ஒரு நொடியிற் பூட்டிவிடலாம். அவ்வாறு செய்யாது, காரணமறிந்து காத்திருப்பதற்கும் ஒரு கல்வி உண்டு. தொழில்வழிச் சிகிச்சை என்பது அதன் பெயர்.

தொழில் என்றதும் சம்பளத்துக்குச் செய்யும் உத்தியோகமே பலருக்கு நினைவில் வரும். இங்கே அச்சொல் உண்ணல், உடுத்தல், குளித்தல், சமைத்தல், எழுதல் முதலிய அன்றாட அலுவல்கள் அனைத்தையும் குறிக்கும். இவற்றைச் செய்ய இயலாதவரை இயன்றவராக்குவதே இச்சிகிச்சையின் நோக்கமாகும்.

ஐக்கிய அமெரிக்காவில், 1915ஆம் ஆண்டில் எலினோர் கிளார்க் ஸ்லேகிள் அம்மையார் சிக்காகோ நகரில் இதற்கெனப் பயிற்சிப் பாடசாலை ஒன்றை அமைத்தார். 1917 மார்ச் மாதத்தில் அவர் உட்பட அறுவர் நியூயோர்க் மாநிலத்துக் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிற் கூடி, இத்துறைக்கு ஒரு சங்கம் நிறுவினர். அவ்வறுவருள் ஜோர்ஜ் பார்ட்டன் வைத்தியரல்லர்; கட்டிடக் கலைஞர். தாமே நோயாளியாகி, ஒரு பக்கம் செயலிழந்து, கைவேலையினால் உடல் தேறியவர். இத்துறையின் கல்வி தொடக்கத்திலிருந்தே நோயாளியின் அநுபவத்தோடு பிணைந்ததாகும்.

2007 முதல் அந்நாட்டில் இத்துறையிற் புதிதாகப் புகுவோர், முதற்பட்டத்துக்குப் பின் முதுமாணி அல்லது கலாநிதிப் படிப்பை முடித்தல் வேண்டும். உடற்கூறு, நரம்பியல், உளவியல் ஆகியவற்றைக் கற்றால் மாத்திரம் போதாது. முதலில் சிகிச்சை நிலையங்களில் அவதானிப்புப் பயிற்சி. பின்னர், அநுபவமுள்ள சிகிச்சையாளரின் மேற்பார்வையில் குறைந்தது 24 வாரங்கள் முழுநேரப் பயிற்சி. அதன் பின்னரே தேசியப் பரீட்சையும் அநுமதிப் பத்திரமும். 1952இல் தோன்றிய உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனமும், பயிலுநர் குறைந்தது 1000 மணித்தியாலங்கள் களப்பயிற்சி பெறல் வேண்டுமென விதித்துள்ளது.

இத்துணை நீண்ட பயிற்சி எதற்கு? பொத்தானையே எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு விரலில் வலுவில்லை. இன்னொருவருக்குத் தொடுவுணர்ச்சி இல்லை. வேறொருவர் இடப்பக்கம் இருப்பதையே கவனியார். மற்றொருவர் எதற்குப் பின் எதைச் செய்வதென்பதை மறந்துவிடுவார். நால்வருக்கும் பொத்தான் பூட்டப்படவில்லை. நால்வருக்கும் சிகிச்சை வேறு. காரணங்களைப் புத்தகம் கூறும். எதிரிலிருப்பவருக்கு எது காரணமென்பதை, அவர் முயன்று தவறுவதைப் பலமுறை அவதானித்தே அறியலாம். எப்பொழுது கைகொடுப்பது, எப்பொழுது கையைக் கட்டி நிற்பது என்பதையும் மாணவர் அங்கேதான் பழகுகின்றார்.

அவசரப்பட்டு உதவுவோர் பிழையான காரணத்துக்கு உதவக்கூடும். எல்லாவற்றையும் தாமே செய்வோர், நோயாளியின் எஞ்சிய வலுவையும் பயனற்றதாக்கக்கூடும். வீட்டார் நினைவிற் கொள்ளத்தக்க எளிய முறை ஒன்றுண்டு: சட்டை அணியும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைத்தல், கழற்றும்போது அக்கையைக் கடைசியில் எடுத்தல். எவ்வளவு உதவலாம், எதனை அவரிடமே விடலாம் என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டறிந்து நடப்பின், தமது சட்டையைத் தாமே அணிந்தோம் என்னும் மதிப்பு அவருக்கு மீளும். அம்மதிப்பைக் காப்பதற்கே இத்தனை ஆண்டுப் படிப்பும் பயிற்சியும்.