வேலையே பள்ளிக்கூடம் – 9: கரணை யார் கைக்கு வரும்?

சென்ற வாரம் லைபீரியத் தையற்காரர்களைப் பார்த்தோம். பொத்தான் தைப்பதில் தொடங்கித் துணி வெட்டுவதில் முடியும் அவர்களுடைய பயிற்சியை மானுடவியலாளர் ஜீன் லேவ் பதிவு செய்திருக்கிறார். அதைப் படித்ததும், பட்டறையில் சேர்த்துவிட்டால் போதும், தொழில் தானாக வந்துவிடும் என்று தோன்றும். பள்ளிக்குக் கட்டணமும் தேர்வும் உண்டு. வேலையிடத்திலோ கண் பார்த்தால் கை செய்யும், தடுக்க ஆளில்லை என்பது நம் எண்ணம். அதில் பாதிதான் உண்மை.

அந்தப் பாதிக்குச் சாட்சி ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்கும் ஊழியர்கள். அவர்களோடு சுற்றித் திரிந்து ஆராய்ந்த ஜூலியன் ஓர் 1996-இல் அதை நூலாக்கினார். எந்தப் பிழை எண்ணுக்கு எதைச் சோதிக்க வேண்டும் என்று நிறுவனத்தின் கையேடு படிப்படியாகச் சொன்னது. ஓரிடத்தில் பிழை எண் ஒரு கோளாறைக் காட்ட, இயந்திரமோ வேறு மாதிரி மக்கர் செய்தது. போன ஊழியருக்கும் பிடிபடவில்லை, அவர் வரவழைத்த நிபுணருக்கும் பிடிபடவில்லை. முன்பு பார்த்த கோளாறுகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து, இடையிடையே இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து, மணிக்கணக்கில் பேசினார்கள். காரணம் அந்தப் பேச்சிலிருந்துதான் கிடைத்தது. மேலாளர் கண்ணுக்கு இது வெட்டிப்பேச்சு. இப்படிப் பேச்சு வழியே தப்பான பழக்கமும் பரவாதா என்றால், பரவும்தான். அதற்கும் வழி கண்டார்கள்: 1990-களில் உருவான ‘யுரேகா’ ஏற்பாட்டில், ஒருவர் எழுதும் குறிப்பை அனுபவசாலிகள் சரிபார்த்த பிறகே மற்றவர்களுக்கு அனுப்பினார்கள்.

மறுபாதிதான் சிக்கல். லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் எழுதிய நூலில் அமெரிக்க இறைச்சிக் கடைப் பயிலாளர்கள் வருகிறார்கள். அவர்களைப் பொட்டலம் கட்டும் இயந்திரத்தருகே நிறுத்திவிட்டார்கள். வெட்டும் இடம் கண்ணிலேயே படவில்லை, தொழிலும் வரவில்லை. நம் ஊர்க் கட்டட வேலையில் இன்னும் விசித்திரம். கையாளாக வரும் பையன், கொத்தனார் டீ குடிக்க இறங்கும் நேரத்தில் கரணையை எடுத்து நாலு செங்கல் வைத்துப் பார்க்கிறான். கோணலாக வந்தால் திட்டு வாங்கிப் பிரித்துக் கட்டுகிறான். சில வருடங்களில் அவனே கொத்தனார். சித்தாளாக வரும் பெண் கலவைச் சட்டியைச் சாரத்தில் இறக்குகிறாள், காலிச் சட்டியோடு திரும்புகிறாள். கண்ணெதிரே சுவர் எழும்புகிறது, கரணை மட்டும் கைக்கு வருவதில்லை. பெரும்பாலும் சித்தாளாகவே ஓய்ந்தும் போகிறாள்.

பெண்ணுக்கு வலு போதாது என்பார்கள். நாளெல்லாம் தலைச்சுமையோடு ஏறி இறங்குகிறவளுக்கா கரணை கனக்கும்? பழகவிட்டால் வேலை கெடும், செங்கல் வீணாகும் என்பது மேஸ்திரியின் வாதம். பையன் கட்டிய கோணல் சுவருக்கு அந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லையே! சான்றிதழ் தந்தால் சரியாகிவிடும் என்பதும் பொருந்தாது. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு இருக்கிறது; நல்லதுதான். ஆனால் பழகவே விடப்படாதவளிடம் எதைச் சோதிப்பது? சித்தாளுக்குக் கூலி உயர்வு கேட்கும் சங்கங்கள், தினம் அரைமணி நேரம் அவள் கையில் கரணையைக் கொடுக்க வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேர்க்கட்டும்.