97 மார்க் வாங்கின கேம் உங்களுக்கு மட்டும் ஏன் போர் அடிக்குது? காசு போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



போன மாசம் நம்ம சேனலுக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பினவருக்கு 26 வயசு, சென்னையில் ஐடி வேலை, கைக்கு வர்ற சம்பளம் 38,000 ரூபாய். 'எல்டன் ரிங்' கேமை விளையாடணும்னே 50,000 ரூபாய்க்கு ஒரு கன்சோலை 9 மாச நோ-காஸ்ட் இஎம்ஐ-யில் வாங்கியிருக்கார். கேம் டிஸ்க் தனியா 4,000 ரூபாய்.

ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுட்டு கன்சோலை ஆன் பண்ணுவாராம். மார்கிட்னு ஒரு பாஸ். ஒரு வாரம் முழுக்க அவன்கிட்ட அடி வாங்கினதுதான் மிச்சம். மொத்தம் ஆறு மணி நேரம் விளையாடினதோட சரி, அதுக்கப்புறம் டிஸ்க்கைத் தொடவே இல்லை. வாட்ஸ்அப் குரூப்ல நண்பர்கள் எல்லாரும் "வாழ்நாள்லயே பெஸ்ட் கேம்"னு சொல்றாங்க. இவருக்கு இன்னும் ஏழு இஎம்ஐ பாக்கி.

அவர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "தப்பு கேம் மேலயா, என் மேலயா?"

ரெண்டு பேர் மேலயும் இல்லை. ஆனா காசு போனது போனதுதான். அது ஏன் போகுது, அடுத்த தடவை எப்படித் தடுக்கலாம்னு இந்தப் பதிவில் பார்ப்போம்.

மார்க் எதைச் சொல்லுது, எதைச் சொல்லலை?

எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில் வந்தது. முதல் மூணு வாரத்துக்குள்ளேயே 1.2 கோடி பிரதிகள் போச்சு. அந்த வருஷத்தின் சிறந்த கேம் விருதும் வாங்கிச்சு. அது நல்ல கேம்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனா மெட்டாகிரிட்டிக் மாதிரி தளங்களில் வர்ற மார்க் என்பது விமர்சகர்கள் கொடுத்த மதிப்பெண்களின் சராசரி. 97 மார்க்னா 100 பேரில் 97 பேருக்குப் பிடிக்கும்னு அர்த்தம் கிடையாது. "இந்த வகை கேமை மதிப்பிடத் தெரிஞ்சவங்க இதை ரொம்ப உயர்வா மதிப்பிட்டாங்க", அவ்வளவுதான்.

மியூச்சுவல் ஃபண்டுல 5 ஸ்டார் ரேட்டிங் பார்த்திருப்பீங்க. ஒரு ஸ்மால் கேப் ஃபண்டுக்கு 5 ஸ்டார் இருக்கலாம். ஆனா அடுத்த வருஷம் தங்கச்சி கல்யாணத்துக்குத் தேவைப்படற பணத்தை அதில் போடுவீங்களா? ஃபண்டு நல்லதுதான், உங்க தேவைக்கு அது பொருந்தாது. கேமும் அப்படித்தான். எல்டன் ரிங்கில் "ஈஸி" மோடே கிடையாது. தோத்துத் தோத்துக் கத்துக்கிறதுதான் அந்த கேமின் ருசி. அந்த ருசிக்குப் பொறுமையும் நேரமும் வேணும். ஒன்பது மணி நேர வேலை முடிஞ்சு வந்த மூளைக்கு அது இன்னொரு ஷிப்ட்.

இன்னொரு விஷயமும் இருக்கு. விமர்சகருக்கு அது வேலை. பெரும்பாலும் கேம் இலவசமா வருது, ஒரே வாரத்தில் உட்கார்ந்து முடிக்கிறார். நாம சொந்தக் காசு போட்டு, ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம்னு விளையாடறோம். அதே கேம் ரெண்டு பேருக்கும் ரெண்டு விதமாத்தான் இருக்கும்.

பாராட்டு வாங்கிய கேம்கள் ஏமாற்றுவது எங்கே?

மூணு உதாரணம் சொல்றேன். மூணுலயும் பிரச்சினை வேற வேற.

*ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018).* மெட்டாகிரிட்டிக் 97. குதிரை, பனி, மலை, கதைன்னு எல்லாமே செதுக்கி வெச்ச மாதிரி இருக்கும். ஆனா மெதுவா நகரும். ஒரு மேஜை டிராயரைத் திறக்கிறதுக்கே தனியா ஒரு அசைவு. கதையை மட்டும் முடிக்கவே 50 மணி நேரம் பக்கம் ஆகும். சிலருக்கு அந்த நிதானம்தான் சொர்க்கம், சிலருக்குக் கொட்டாவி. இதில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு சிக்கலும் இருக்கு. பனிமலையில் நடக்கிற முதல் அத்தியாயம் முடியவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகிடும். கம்ப்யூட்டரில் ஸ்டீம் வழியா வாங்கினா, ரெண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தாத்தான் ரீஃபண்ட். அதாவது கேம் உண்மையில் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே ரீஃபண்ட் வாய்ப்பு முடிஞ்சிடும்.

*சைபர்பங்க் 2077 (2020).* டிசம்பர் 10-ம் தேதி வந்தது. வர்றதுக்கு முன்னாடியே 80 லட்சம் பேர் முன்பதிவு பண்ணியிருந்தாங்க. ரிலீசுக்கு முந்தைய விமர்சனங்கள் எல்லாம் கம்ப்யூட்டர் பதிப்பை வெச்சு எழுதினவை. கன்சோல் பதிப்பை யார் கையிலும் முன்கூட்டிக் கொடுக்கலை. பழைய கன்சோலில் வாங்கினவங்களுக்குத்தான் அதிர்ச்சி. ஒரு வாரத்தில் சோனி அந்த கேமையே பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து எடுத்துட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சது. மறுபடி கடைக்கு வந்தது 2021 ஜூனில். 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்தப்புறம் இதே கேமை ஜனங்க கொண்டாடினாங்க. முதல் நாள் வாங்கினவர் முழு விலை கொடுத்துக் குறையுள்ள பொருளை வாங்கினார். பொறுத்திருந்தவர் தள்ளுபடியில் சரியான பொருளை வாங்கினார்.

*தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 (2020).* விமர்சகர்கள் 93 கொடுத்தாங்க, அந்த வருஷத்தின் சிறந்த கேம் விருதும் கிடைச்சது. ஆனா பயனர் மதிப்பெண் முதல் நாளே பாதாளத்துக்குப் போச்சு. கதை எடுத்த திருப்பம் நிறைய பேருக்குப் பிடிக்கலை, அது நேர்மையான கருத்துதான். ஆனா முடிக்கவே 25 மணி நேரம் ஆகிற கேமுக்கு, வெளிவந்த சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கில் பூஜ்யம் விழுந்தது. அடுத்த மாசமே மெட்டாகிரிட்டிக், ரிலீசாகி 36 மணி நேரம் கழிச்சுத்தான் பயனர்கள் மதிப்பெண் போட முடியும்னு விதியை மாத்திச்சு. அதனால "விமர்சகரை நம்பாதே, மக்களை நம்பு"ன்னு சொல்றதும் சரியான வழி இல்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

மெயில் அனுப்பின நண்பரின் சம்பளத்தையே எடுத்துக்குவோம். 38,000 ரூபாய், மாசம் 22 நாள், நாளைக்கு 9 மணி நேரம். மொத்தம் 198 மணி நேரம். ஒரு மணி நேர உழைப்பின் விலை சுமார் 192 ரூபாய்.

- கேம் 4,000 ரூபாய்: சுமார் 21 மணி நேர வேலை
- கன்சோலும் கேமும் சேர்த்து 54,000 ரூபாய்: சுமார் 281 மணி நேரம், அதாவது 31 வேலை நாள்

ஆறு மணி நேரம் விளையாட 21 மணி நேர உழைப்பு. ஒரு மணி நேர ஆட்டத்துக்கு 667 ரூபாய் விழுது.

"அப்போ முழுசா விளையாடி முடிச்சா மணிக்கான செலவு குறையுமே"ன்னு நினைக்கிறீங்களா? நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. பிடிக்காத கேமை 50 மணி நேரம் விளையாடினா, பேப்பர்ல மணிக்கு 80 ரூபாய்னு அழகா வரும். ஆனா தினமும் ஒன்றரை மணி நேரம்னு வெச்சாலும், ஒரு மாசத்துக்கு மேல உங்க ஓய்வு நேரம் முழுக்க காலி. 4,000 ரூபாயைக் காப்பாத்தறேன்னு ஒரு மாச சாயங்காலத்தைச் சேர்த்துக் கொடுக்கறீங்க. அதனால மணிக்கணக்குப் போடும்போது *விரும்பி* விளையாடின மணியை மட்டும் எண்ணுங்க.

போன காசு நம்மை எப்படிப் பிடிச்சு வைக்குது?

1985-ல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. அமெரிக்காவில் ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில், சீசன் டிக்கெட் வாங்க வந்தவங்களில் சிலருக்கு எதேச்சையா தள்ளுபடி கொடுத்தாங்க, மத்தவங்க முழு விலை கொடுத்தாங்க. சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவங்கதான் அதிக நாடகங்களுக்கு வந்தாங்க. நாடகம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அதிகமா காசு கொடுத்தோமேங்கிற எண்ணம்தான் அவங்களை இழுத்துட்டு வந்தது. ரெண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் மறைஞ்சு போச்சு.

இதைத்தான் மூழ்கிய செலவு மாயைன்னு சொல்றாங்க. நஷ்டத்தில் இருக்கிற ஷேரை "வாங்கின விலைக்கு வரட்டும், வித்துடறேன்"னு வருஷக்கணக்கா பிடிச்சு வெச்சிருப்போமே, அதே வியாதி. நீங்க கொடுத்த காசு திரும்ப வராது. இனிமே போடப்போற நேரம் மட்டும்தான் உங்க கையில் இருக்கு.

நோ-காஸ்ட் இஎம்ஐ பத்தி ரெண்டு வார்த்தை

பேருக்குத்தான் நோ-காஸ்ட். பேங்க் வட்டி போடத்தான் செய்யும், அந்த வட்டி அளவுக்கு கடைக்காரர் விலையில் தள்ளுபடி தருவார். 50,000 ரூபாய், 9 மாசம், 15% வட்டின்னு வெச்சா வட்டி சுமார் 3,000. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, அதாவது 540 ரூபாய், உங்க தலையில். 200 ரூபாய் பிராசஸிங் ஃபீஸ்னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 236. மொத்தம் 775 ரூபாய் பக்கம் எக்ஸ்ட்ரா.

உண்மையைச் சொன்னா, இந்த 775 பெரிய தொகை இல்லை. பெரிய ஆபத்து வேற. 50,000-னு பார்த்தா யோசிக்கிற மனசு, 5,556-னு பார்த்தா யோசிக்கிறதில்லை. விளையாட்டு ஆசை ரெண்டே வாரத்தில் தீர்ந்துடுது, இஎம்ஐ ஒன்பது மாசம் ஓடுது.

அடுத்த கேம் வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு விஷயம்

1. ப்ரீ-ஆர்டர் வேண்டாம். டிஜிட்டல் கேம் ஸ்டாக் தீராது. முந்திப் பணம் கட்டறதால உங்களுக்குக் கிடைக்கிறது ஒரு டிரெஸ்ஸோ கத்தியோதான். ரிஸ்க் முழுக்க உங்களுது. ஜிடிஏ 6-க்கும் இதே விதிதான்!

2. ரீஃபண்ட் விதியைப் படிங்க. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருந்தா பணம் திரும்ப வரும். பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் 14 நாள்தான், ஆனா டவுன்லோட் ஆரம்பிச்சாச்சுன்னா பொதுவா கிடைக்காது. கன்சோல்காரங்களுக்கு டிஸ்க் நல்லது. பிடிக்கலைன்னா விக்கலாம்.

3. 30 நிமிஷம் வெறும் ஆட்டத்தைப் பாருங்க. டிரெய்லர் வேண்டாம், ஹைலைட்ஸ் வேண்டாம். யாராவது பேசாம விளையாடற வீடியோவை கேமின் நடுப்பகுதியிலிருந்து பாருங்க. பார்க்கும்போதே ஃபோனை நோண்டத் தோணுச்சுன்னா பதில் கிடைச்சாச்சு.

4. மூணு நட்சத்திர விமர்சனத்தைப் படிங்க. பத்துக்குப் பத்தும் பூஜ்யமும் உணர்ச்சி. நடுவில் இருக்கிறவர்தான் "சண்டை நல்லா இருக்கு, ஆனா நடை ஜாஸ்தி"ன்னு தெளிவா சொல்வார். அவருக்குப் பிடிக்காதது உங்களுக்கும் தொந்தரவா இருக்குமான்னு மட்டும் பாருங்க.

5. பொழுதுபோக்குக்குத் தனி டப்பா. சம்பளத்தில் 3% ஒதுக்குங்க. 38,000-க்கு 1,140 ரூபாய். ஓடிடி, சினிமா, கேம் எல்லாம் இதுக்குள்ளதான். 4,000 ரூபாய் கேம் வேணும்னா மூணரை மாசம் சேருங்க. அதுக்குள்ள பக் எல்லாம் சரியாகும், விலையும் குறைய வாய்ப்பு அதிகம், நண்பர்களின் ஆரவாரமும் அடங்கியிருக்கும். அப்பவும் ஆசை இருந்தா தாராளமா வாங்குங்க.

அந்த நண்பருக்கு என்ன சொன்னேன்?

முதல்ல, டிஸ்க்கை உடனே வித்துடுங்கன்னேன். நாளாக ஆக பழைய டிஸ்க்கின் விலை இறங்கத்தான் செய்யும். அவர் 2,600 ரூபாய்க்கு வித்துட்டார். நஷ்டம் 1,400.

அடுத்தது கன்சோல். ஒரு கேள்வி கேட்டேன்: "இன்னிக்கு யாராவது வந்து 35,000 ரூபாய் கொடுத்தா இதைக் கொடுத்துடுவீங்களா?" கொடுத்துடுவேன்னு தோணினா வித்துட்டு, ஃபோர்குளோஷர் கட்டணத்தைப் பார்த்து கடனை முடிங்க. வாங்கின விலையை மறந்துட்டு பதில் சொல்லணும், அதுதான் முக்கியம். ரெண்டு நாள் யோசிச்சுட்டு, விக்கலைன்னு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தம்பியோட உட்கார்ந்து ஃபுட்பால் கேம் விளையாடறாராம், அதை விட மனசில்லையாம். சரின்னேன். ஆனா பாக்கி இஎம்ஐ முடியற வரைக்கும் புது கேம் கிடையாதுன்னு வாக்கு வாங்கிக்கிட்டேன்.

குரூப்ல எல்லாரும் கொண்டாடற ஒரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கலைன்னா அதில் வெட்கப்பட எதுவும் இல்லை நண்பர்களே. அதை சீக்கிரம் ஒத்துக்கிட்டா 1,400 ரூபாயோட போகும். ஒத்துக்காம இருந்தாத்தான் செலவு ஏறிக்கிட்டே போகும்.

இந்தக் கணக்கை உங்க சம்பளத்தை வெச்சுப் போட்டுப் பாருங்க. எப்படிப் போடறதுன்னு நம்ம சேனல் வீடியோவில் ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டியிருக்கேன். நீங்க காசு கொடுத்து வாங்கி, பாதியில் விட்ட பிரபலமான கேம் எது? மணிக்கு எத்தனை ரூபாய் விழுந்தது? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!